இருபத்தெட்டும் இருநூற்றெட்டும்

போன ஆடியில் ஒரு சாயங்காலம். கல்யாணம் கார்த்திகை எதுவும் இல்லாத மாதம், தையல் மெஷின் சும்மா கிடந்தது. பொழுது போகாமல் சின்னவளின் பையைத் திறந்து கணக்கு நோட்டைப் புரட்டினேன். துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். டீச்சர் எண்களைச் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். இருபத்தெட்டுக்கு 208. முப்பத்தைந்துக்கு 305. நாற்பத்தொன்றுக்கு 401. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் சுழி.

எனக்குச் சுருக்கென்றது. "எழுதும்போது கவனம் எங்கடி இருந்துச்சு?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். அவள் அழவில்லை. மண்டையைத் தேய்த்துக்கொண்டே, "சரியாத்தானம்மா எழுதியிருக்கேன்" என்றாள்.

"எது சரி?"

"இருபது எழுதுனேன். பக்கத்துல எட்டு எழுதுனேன். இருபத்தெட்டு."

மறுபடி நோட்டைப் பார்த்தேன். 20, 8. அவள் சொன்னபடியேதான் இருந்தது. காதில் விழுந்ததை ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். குட்டு வைத்த கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் பள்ளியில் விடும்போது டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எல்லாப் பிள்ளைங்களும் இந்தப் படியில ஒரு நாள் உக்காந்துட்டுத்தான் எந்திரிக்கும். இழுத்துத் தூக்காதீங்க" என்றார். மேசையிலிருந்து அட்டைகள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். 20 என்று எழுதிய நீள அட்டை ஒன்று, 8 என்று எழுதிய குட்டை அட்டை ஒன்று. குட்டையைத் தூக்கி நீளத்தின் பூஜ்யத்தின் மேல் வைத்தார். 28. அவ்வளவுதான் விஷயம். அன்று ராத்திரியே பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒரு கட்டுச் செய்தேன். பத்து முதல் தொண்ணூறு வரை நீளம், ஒன்று முதல் ஒன்பது வரை குட்டை. பின்பக்கம் யாரோ இரண்டு பேரின் முகூர்த்த நேரம் இருக்கிறது. அதனால் என்ன?

"பூஜ்யம் எங்கம்மா போச்சு?" என்றாள் முதல் நாள். எட்டைத் தூக்கிப் பார்த்தாள். கீழே பத்திரமாக இருந்தது. மறுபடி மூடினாள், மறுபடி தூக்கினாள். ஒரு வாரம் இதே வேலை. அதற்கப்புறம் 208 வரவில்லை.

ஆனால் தொண்ணூறு வந்தது.

தொண்ணூத்தஞ்சு என்று சொன்னால் 105 என்று எழுதினாள். இந்தத் தடவை குட்டவில்லை, வாயால் சொல்லிப் பார்த்தேன். தொண்ணூத்தஞ்சு. நூத்தஞ்சு. முன்னால் ஒரு 'தொண்' ஒட்டியிருக்கிறது, மிச்சம் எல்லாம் நூறுதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு நூறு காதில் விழுந்தால் நூறைத்தானே எழுதும்? "தொண்ணுன்னா என்னம்மா?" என்று வேறு கேட்டாள். பி.காம். படித்த எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கே இது ஒரு கிறுக்காகப் பிடித்துக்கொண்டது. பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே எண்களை முணுமுணுப்பேன். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது, எண்பது. எல்லாம் 'பது' என்று முடிகிறது, எல்லாம் பத்துகளின் கணக்கு. ஆனால் ஒற்றை இலக்கத்தில் ஒருத்தன் 'பது' என்று வால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஒன்பது. அப்புறம் பத்துகளில் இருக்கவேண்டியவன் நூறு என்று பெயர் வைத்திருக்கிறான், தொண்ணூறு. நூறுகளில் இருக்கவேண்டியவன் ஆயிரம் என்கிறான், தொள்ளாயிரம். ஒன்பதின் குடும்பமே ஒரு படி மேலே ஏறி நின்று பேர் சொல்கிறது. முப்பது வருஷமாக இந்த மூன்று சொற்களையும் புழங்குகிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை.

பழைய தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று நன்னூலில் தனியாக ஒரு விதியே இருக்கிறது. பெரியவர்களுக்கே விதி எழுதிப் புரியவைக்கவேண்டியிருந்த இடத்தில் என் பிள்ளை தடுக்கி விழுந்தாள் என்று நினைத்ததும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவளிடம் இலக்கணமெல்லாம் பேசவில்லை. "அந்தக் காலத்துல ஒம்போதுக்குத் தொண்டுன்னு செல்லப் பேரு, அதான் தொண்ணூறு" என்றேன். "அப்ப பத்து இல்லாம நூறு ஏன் வருது?" என்றாள். "போய்த் தூங்கு" என்றேன்.

வாசிப்புக் கதை வேறு மாதிரி. அதில் ஏமாந்தவள் நான்.

2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் என்று ஆரம்பித்தார்கள். கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததில் பிள்ளைகள் விட்டதைப் பிடிக்க வேண்டும், எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வர வேண்டும் என்பது நோக்கம். ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்காருவார்கள். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்ற பயிற்சியைப் பயிற்சிப் புத்தகத்தில் கொடுப்பார்கள். மதிப்பீடு செல்போன் செயலியில். டீச்சர் எந்நேரமும் போனையே பார்க்கிறார் என்று தெருவில் பேசுகிறவர்களுக்கு அது தெரியாது. எனக்கும் அந்தப் போன் வேலை பிடிக்கவில்லைதான், அந்த நேரத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அது டீச்சர் இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இல்லையே.

சின்னவள் முதல் வகுப்பிலேயே கடகடவென்று வாசிப்பாள். விரலை வைத்து, ராகம் போட்டு, பக்கம் பக்கமாக. விருந்தாளி வந்தால் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வேன். ஒரு நாள் கவனித்தேன், வாய் பாதி வரியில் இருக்கும்போதே விரல் வரியின் கடைசிக்குப் போய் நிற்கிறது. சந்தேகம் வந்து, படத்தின் மேல் ஒரு வெட்டுத் துணியைப் போட்டு மூடினேன். நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி, இது என்ன என்றேன். முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்து, எண்ணிக்கொண்டே அந்தச் சொல் வரை வந்து நிறுத்தினாள்! புத்தகத்தையே பாட்டாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். அவளுக்கு வாசிப்பு என்றால் அதுதான் என்று நினைப்பு. ஏமாற்றவெல்லாம் இல்லை.

எழுத்து தெரியாதா என்றால் தெரியும். அ முதல் ஔ வரை சொல்வாள். க, ங, ச சொல்வாள். கூட்டினால்தான் தகராறு. அதிலும் கொம்பு. எல்லா எழுத்தையும் இடப்பக்கத்திலிருந்து வாசி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, கொம்பை மட்டும் முதலில் எழுதி, அதன் சத்தத்தைக் கடைசியில் சொல்லச் சொல்கிறோம். 'பொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் ப. அவள் இடமிருந்து ஒழுங்காக வருவாள். கொம்பும் ப-வும் சேர்ந்து 'பெ' ஆகிவிடும், மிச்சமிருக்கும் காலுக்கு ஒரு 'ஆ' போடுவாள். கோழி 'கேஆழி' ஆகும். தோசை 'தேஆசை' ஆகும். அதென்னவோ சாமி பேர் மாதிரி இருக்கும்.

இது உடைந்தது பள்ளிச் சுவரில்தான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடியும் வரை அவள் வெளியே நின்றாள். காலை உணவு எந்தக் கிழமைக்கு என்ன என்று சமையல் கூடத்துச் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். நான் வந்து பார்க்கும்போது அதன் முன்னால் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். "பு-த-ன். புதன். பெ... ஆ... ங்... க... ல். பெஆங்கல்." நின்றாள். மறுபடி, "பெஆங்கல்." மூன்றாவது தடவை வாய் பாதி திறந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா! பொங்கல்! புதன்கெழம பொங்கல்தானே போடுவாங்க!"

புதன்கிழமை அவள் தட்டில் விழுவது என்ன என்று அவள் வயிற்றுக்குத் தெரியும். அது கொடுத்த துப்பில் கொம்பும் காலும் சேர்ந்தால் என்ன சத்தம் என்று கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் என் தொழில் பாஷையில் சொன்னேன்: "ப-ங்கிறது உடம்பு. கொம்பும் காலும் ரெண்டு பக்கத்துக் கை. ரெண்டு கையும் தச்சாத்தான் ரவிக்கை. ஒரு கையோட நிறுத்தினா பெ." சரி என்று தலையை ஆட்டினாள். அதற்கப்புறம் கண்ணில் படும் பலகை எல்லாம் வாசிப்பு. பஸ் போர்டு, உரக்கடை, சீட்டுக் கம்பெனி. ஒன்றையும் விடுவதில்லை.

இதில் மாட்டியது என் மாமியார். அத்தை ஐந்தாவது வரை படித்தவர். பால்கணக்கைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதுவார். காலை 1, மாலை 2 என்று. சின்னவள் அதை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பாயி தப்பா எழுதியிருக்கு. ல-வுக்கு யானை மூக்கு போட்டிருக்கு" என்றாள். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் படிக்கையில இதுதான்டி லை" என்றார். உண்மைதான். 1978-இல்தான் அரசாங்கம் 13 எழுத்துகளை மாற்றியது. ணா, றா, னா எல்லாம் கால் வாங்கியதும், ணை, லை, ளை, னை எல்லாம் தும்பிக்கையை விட்டதும் அப்போதுதான். அத்தையின் பள்ளிக்கூடம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. இப்போது அப்பாயியும் பேத்தியும் உட்கார்ந்து தும்பிக்கை போட்டு விளையாடுகிறார்கள். நோட்டில் மட்டும் அப்படி எழுதாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கழித்தலை நான் சொல்லிக் கொடுக்கப் போய்க் கெடுத்தேன். 52-இல் 27 போனால் 35 என்று போட்டிருந்தாள். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிட்டாள். "பக்கத்து வீட்ல கடன் வாங்கணும்" என்றேன், எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி. "எப்பத் திருப்பிக் குடுக்கணும்?" என்றாள். மாதா மாதம் மகளிர் குழுவுக்கு மெஷின் கடன் கட்டுவதைப் பார்க்கிற பிள்ளை, கேட்கத்தானே செய்யும்? இப்போது புத்தகத்தில் இனமாற்றம் என்று போட்டிருக்கிறது. பெயர் வாயில் நுழையவில்லை என்றாலும் அதுதான் சரி. யாரும் கடன் வாங்கவில்லை. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றைப் பிரித்துப் பத்துச் சில்லறைக் குச்சி ஆக்குகிறோம்.

விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டோம். ஐந்து கட்டு, இரண்டு குச்சி. ஏழு எடு என்றேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினாள். பன்னிரண்டு குச்சி. ஏழு போய் ஐந்து. மிச்சம் நாலு கட்டில் இரண்டு போய் இரண்டு. 25. ஆனால் அவளுக்குப் பிடித்த வழி இதுவும் இல்லை. என் கழுத்தில் தொங்கும் டேப்பை இழுத்து, 27-இல் ஒரு விரல், 52-இல் ஒரு விரல் வைப்பாள். இன்ச் பக்கம் 60 வரைதான், போதும். 27-லிருந்து மூன்று போனால் முப்பது, அங்கிருந்து இருபது போனால் ஐம்பது, இன்னும் இரண்டு. கடையில் அண்ணாச்சி சில்லறை எண்ணித் தருவது இப்படித்தான். பரீட்சையில் டேப் தர மாட்டார்கள் என்று சொன்னேன். கண்ணை மூடினால் டேப் தெரிகிறது என்கிறாள்.

போன வாரம் என் அளவு நோட்டை எடுத்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். "உயரம் பதினாலு. இடுப்பு முப்பத்திரெண்டு." எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "தோள்... நூத்தி நாப்பத்தொண்ணு. கீழ ரெண்டு. அம்மா, இந்த அத்தை அவ்வளவு பெரிய ஆளா?"

எட்டிப் பார்த்தேன். 14½.

டேப்பை எடுத்துப் பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவில் நிற்கும் கோட்டைக் காட்டினேன். அரை என்றேன். அதற்கு இந்தப் பக்கம் இருப்பது கால், அந்தப் பக்கம் முக்கால். டேப்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்கு நடுவுல குட்டிக் குட்டியா இருக்கே, அதுக்கு என்ன பேரு?"

"ஒரு இன்ச்ச எட்டாப் பிரிச்சா அதுல ஒண்ணு. அதுக்குப் பேரு நூல்."

"நூலா?" என்று கேட்டுவிட்டு, மெஷின் மேல் இருந்த நூல்கண்டை எடுத்து டேப்பின் பக்கத்தில் வைத்து அளக்க ஆரம்பித்தாள்.