படகு வாங்கினேன், ரெய்லரைப் பார்க்கத் தவறினேன்

வாங்கி 7 வாரம் கழித்துத்தான் எங்கள் படகு தண்ணீரைத் தொட்டது. அதில் படகுக்கென்று போன நேரம் இரண்டு மாலை இருக்கும். மிச்சம் முழுவதையும் தின்றது அதன் கீழே இருந்த ரெய்லர், படகை ஏற்றிக் காரின் பின்னால் இழுத்துப்போகும் சில்லு வண்டி. ரொறன்ரோப் பக்கம் முதல் படகு தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து முதலில் குனிந்து ரெய்லரைப் பாருங்கள். பிறகு நிமிர்ந்து படகைப் பாருங்கள்.

எனக்கு அது தோன்றவில்லை. பருத்தித்துறையில் மாமாவின் வள்ளத்தைப் பத்துப் பேர் தோள் கொடுத்து மணலில் இழுத்துத்தான் இறக்குவோம். அங்கே வள்ளத்துக்குச் சில்லும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. அதனால் 2024 ஏப்ரலில் பீற்றர்பரோவுக்கு அப்பால் ஒரு பெரியவரின் வளவில் அந்த 14 அடி அலுமினியப் படகைப் பார்த்தபோது, படகை மட்டும் நன்றாகப் பார்த்தேன். உள்ளே ஹோஸால் தண்ணீர் விட்டு ரிவெட்டுகள் கசிகிறதா என்று பார்த்தேன். 15 குதிரைவலு இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைப் பெரிய வாளித் தண்ணீரில் வைத்து ஓடவிட்டேன். மூன்றாவது இழுவையில் பிடித்தது. பக்கத்துச் சிறு துளையால் தண்ணீர் தாரையாக அடித்தது. அந்தத் தாரை வந்தால்தான் எஞ்சினைக் குளிரவைக்கும் பம்ப் வேலை செய்கிறது என்று அர்த்தம். ரெய்லரோடு சேர்த்து 3,200 டொலர். கைகுலுக்கிவிட்டு வந்தோம்.

படகோட்டும் அட்டை குளிர்காலத்திலேயே எடுத்துவிட்டேன். 50 கேள்வி, 75 வீதம் எடுத்தால் போதும், வீட்டில் இருந்தே எழுதலாம். படகின் உரிமமும் சிக்கலில்லாமல் என் பெயருக்கு மாறியது. எஞ்சின் 10 குதிரைவலுவோ அதற்கு மேலோ என்றால் அந்த உரிமம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் படகின் ஒரு பக்கம் முழுவதும் தெரிகிற படம் கேட்பார்கள். முன்னால் நின்று எடுத்த அழகான படத்தை அனுப்பாதீர்கள்.

இனி ரெய்லர்.

பெரியவர் தந்த ஓனர்ஷிப் பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்து இருந்தது. அதைப் பார்த்தவுடன் மனம் நிறைந்து மடித்து வைத்துவிட்டேன். வாகனப் பதிவுக் கந்தோரில் ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்று கொடுத்தால், அங்கே இருந்த பெண் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்துப் பெயரும் பின்பக்கத்துக் கையெழுத்தும் வேறு வேறு ஆட்களுடையவை என்றார். அப்படியானால் நான் என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "சரியான பத்திரம்" என்றார். அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அரை நாள் லீவு போட்டுப் போனவனுக்கு அந்தப் பதில் இன்னும் வலிக்கிறது.

பெரியவருக்கு எடுத்துக் கேட்டேன். ஆறு வருடத்துக்கு முன் இன்னொருவரிடம் வாங்கியிருக்கிறார். தன் பெயருக்கு மாற்றவே இல்லை. ரோட்டில் ஓட்டாமல் வளவிலேயே வைத்திருந்ததால் அவருக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பழைய சொந்தக்காரரைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்றவர், அதற்குப் பிறகு இரண்டு வாரம் போனை எடுக்கவில்லை. காசு கொடுத்தாயிற்று. சாமான் என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஆனால் அது என்னுடையது இல்லை. அந்த இரண்டு வாரமும் சரியாக நித்திரை இல்லை.

கடைசியில் பழைய சொந்தக்காரர் கிடைத்தார், நல்ல மனிதர். பெரியவருக்கு விற்றதாக ஒரு ரசீது எழுதி, ஓனர்ஷிப்பிலும் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பெரியவர் எனக்கு விற்றதற்கு இன்னொரு ரசீது. இரண்டையும் கொண்டு இரண்டாம் முறை போனேன். இந்த முறை ரசீதில் எழுதியிருந்த வாகன எண்ணில் ஒரு எழுத்துப் பிழை. திரும்பி வந்தேன்.

அன்று இரவு டோர்ச்சும் கம்பித் தூரிகையும் எடுத்துக்கொண்டு ரெய்லரின் நாக்குக்கு, அதாவது காரோடு பூட்டும் முன் தண்டுக்கு, கீழே படுத்தேன். 17 எழுத்தும் எண்ணும் அங்கே இரும்பில் குத்தப்பட்டிருக்கும். துருவைச் சுரண்டச் சுரண்ட ஒவ்வொன்றாக வெளிவந்தன. பத்தாவதைத் துருவோடு யாரோ 5 என்று வாசித்திருக்கிறார்கள். அது எஸ். மேலே ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன்; சின்ன வயதில் சதத்தின் மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரி அச்சாக விழுந்தது. அந்தத் தாளையும் திருத்திய ரசீதையும் சேர்த்து மூன்றாம் முறை நீட்டியபோது, அங்கே இருந்த இளைஞர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் பிளேட்டைத் தந்தார். கார் நிறுத்தும் இடத்தில் நின்றே மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஆகவே, காசு கைமாறும் முன்பே, விற்பவர் முன்னால் நிற்கும்போதே, ஓனர்ஷிப்பின் முன்பக்கத்துப் பெயரை அவரின் அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். எண்ணை நீங்களே இரும்பில் இருந்து வாசியுங்கள். படகுக்கு ஒரு ரசீது, எஞ்சினுக்கு ஒன்று, ரெய்லருக்கு ஒன்று என்று தனித்தனியாக, அந்தந்த எண் போட்டு வாங்குங்கள். விற்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தயங்க வேண்டாம்.

பிளேட் பூட்டியதும் இழுத்துப் பார்க்கலாம் என்று பக்கத்துப் பிளாசாவின் பார்க்கிங்குக்கு மெல்லக் கொண்டுபோனேன். வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது பின்னால் பெரிய சத்தம். ரெய்லர் கழன்றுவிட்டது. காரின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு இருக்கும், ரெய்லர் நாக்கின் நுனியில் இருக்கும் மூடி அதன் மேல் உட்கார்ந்து பூட்டும். என் ரெய்லரின் மூடிக்கு 2 அங்குலக் குண்டு வேண்டும். என் காரில் இருந்தது அதைவிட ஒரு அளவு சின்னது. சின்னக் குண்டிலும் அந்த மூடி உட்காரும், பூட்டும் விழும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கீழே குறுக்காக மாட்டியிருந்ததால் நாக்கு தரையில் குத்தாமல் சங்கிலியிலேயே தங்கியது. இதே நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் கை குளிர்கிறது. குண்டின் அளவு குண்டின் தலையிலும், மூடியின் அளவு மூடியிலும் பொறித்திருக்கும். இரண்டையும் வாசியுங்கள்.

ரெய்லரின் லைட் மினுங்கி மினுங்கி அணைந்தால் பல்ப்பை மாற்ற ஓடாதீர்கள். வெள்ளை வயர் இரும்பில் பிடிக்கும் இடத்தைத் தேய்த்துத் துரு எடுத்தேன், சரியாகிவிட்டது. சில்லின் பேரிங் இரண்டையும் மாற்றிக் கிறீஸ் போட்டேன். பயணத்தில் முதல் 15 கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தி, சில்லின் நடுவைத் தொட்டுப் பார்க்கிறேன். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாவிட்டால் அதற்கு மேல் போகக்கூடாது.

பின்னோக்கி விடுவதை எனக்குப் பழக்கியவர், இங்கே பல வருடமாக ரெய்லர் இழுக்கும் அயல்வீட்டு அண்ணை. ஞாயிறு காலை 7 மணி, வெறும் பார்க்கிங். ரெய்லர் கட்டையாக இருந்தால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பியதுமே மடிந்து காரை முட்ட வரும். நான் வலம் என்றால் அது இடம் போனது. அரை மணித்தியாலத்தில் கழுத்து பிடித்துவிட்டது. அண்ணை ஜன்னலுக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்து ஸ்டியரிங்கின் அடியில் வைத்தார்.

"தம்பி, மேல பிடிக்காதை. கீழ பிடி. ரெய்லர் எந்தப் பக்கம் போகவேணுமோ, அந்தப் பக்கம் கையைக் கொண்டு போ. வேற ஒண்டும் யோசிக்காதை."

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் பிடிபட்டது. மூன்று ஞாயிறு பழகினேன். மடிகிற மாதிரி வந்தால் அடம்பிடிக்காமல் முன்னால் இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி.

மே கடைசிச் சனிக்கிழமை ஸ்கூகொக் ஏரிக்கரையில் இருக்கும் போர்ட் பெரிக்குப் போனோம். அங்கே எங்கள் வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் வராது. சனிக்கிழமை 11 மணிக்குப் போனது பிழை. இறங்குதுறையில் எனக்குப் பின்னால் நான்கு வண்டிகள். அந்த அவசரத்தில் பின்பலகைத் தக்கையைப் பூட்ட மறந்துவிட்டேன். மழைத்தண்ணீர் வடியப் படகின் பின்னால் ஒரு துளை இருக்கும், அதற்கான தக்கை. படகு மிதந்தது. மகள்தான் "அப்பா, என்ர சப்பாத்து நனையுது" என்றாள். பெற்றோல் தாங்கியைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. படகை ரெய்லருக்கு இழுக்கும் வின்ச் கயிற்றைக் கழற்றாமல் வைத்திருந்ததால் உடனே திரும்ப ரெய்லரில் ஏற்றினோம். வரிசையில் நிற்கும்போதே தக்கை, கட்டுப்பட்டி, லைட் வயர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சரிவில் இறங்கிய பிறகு தலை வேலை செய்யாது.

வடிய விட்டுத் தக்கையைப் பூட்டி மறுபடி இறக்கினோம். 25 லீற்றர் பெற்றோலுக்கு 500 மில்லிலீற்றர் ஒயில் கலந்து வைத்திருந்தேன், எஞ்சின் உடனே பிடித்தது. கைப்பிடியால் திருப்பும் எஞ்சினுக்கு, பிடியை இடப்பக்கம் தள்ளினால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், வலப்பக்கம் போகும். பார்க்கிங்கில் கை பழகியிருந்ததால் அது குழப்பவில்லை. குழப்பியது வேறு: படகு கார் மாதிரி முன்னால் திரும்பாது, பின்பக்கத்தை வீசித்தான் திரும்பும். துறையை விட்டு அணியத்தை வெளியே திருப்பியவுடன் பின்பக்கம் துறையின் மரப்பலகையில் போய் இடித்தது. இப்போது முதலில் கையால் தள்ளி விலகிவிட்டுத்தான் கியர் போடுகிறேன்.

ஸ்கூகொக் ஆழமில்லாத ஏரி, பாசி நிறைய. அரை மணித்தியாலத்தில் எஞ்சினின் தண்ணீர்த் தாரை மெலிந்தது. உடனே நிறுத்தி எஞ்சினைத் தூக்கிப் பார்த்தால், விசிறியில் பாசி சடை மாதிரி சுற்றி, தண்ணீர் இழுக்கும் துவாரத்தையும் அடைத்திருந்தது. கவனிக்காமல் ஓடியிருந்தால் எஞ்சின் வெந்திருக்கும். பாசிக்குள் போனால் தாரையில் ஒரு கண் இருக்கட்டும். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றின் மறுமுனை எப்போதும் அவரின் உடம்பிலும், லைஃப் ஜாக்கெட் எல்லோர் மேலும் இருக்கட்டும்; மே மாதத் தண்ணீரில் விழுந்தால் நீந்தத் தெரிந்தவருக்கே மூச்சுத் திணறும்.

கரைக்குத் திரும்பும்போது காற்றுக்கு எதிராக வாருங்கள். படகுக்கு பிரேக் இல்லை, காற்றுத்தான் பிரேக். முதல் நாள் காற்று முதுகில் இருக்க வந்து இரண்டு முறை துறையைத் தாண்டிப் போனேன்.

இதுவரை நான்கு முறை போய்விட்டோம், இப்போதெல்லாம் வார நாள் மாலையில். போன வியாழன் ரெய்லர் ஒரே தடவையில் நேராக இறங்கியது. மகள் கயிற்றோடு காலில் தண்ணீர் படாமல் துறையில் ஏறினாள். ஏற்றிய பிறகு பாசியை எல்லாம் பிய்த்துப் போட்டு, தக்கையைக் கழற்றி வடியவிட்டோம். 2022 இல் இருந்து ஒன்ராறியோவில் அப்படிச் செய்யாமல் படகை ரோட்டில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். கழற்றிய தக்கையைக் கார்ச் சாவியோடு சேர்த்துக் கோத்திருக்கிறேன். அடுத்த முறை இறங்குதுறையில் காரை நிறுத்திச் சாவியை எடுக்கும்போது அதுவும் கையில் வரும்.