நாமா, நாங்களா?

ரங்கூனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பத்தாவை உட்காரவைத்து எடுத்துவரும் ஆவணப்படத்துக்கு இதுவரை மூன்று முறை பின்னணிக் குரல் எழுதிவிட்டேன். முதலில் எழுதியதில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. 1964இல் கடைகள் அரசுடைமையானதையும், அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் பர்மிய நோட்டுகள் செல்லாமற்போனதையும், தமிழர்கள் கப்பலேறி ஊர் திரும்பியதையும் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல வரிசையாகச் சொல்லியிருந்தேன். தகவல்களில் பிழையில்லை. ஆனால், “உங்க ஐயா அன்னிக்கிச் சாப்பிடவே இல்லடா” என்று கேமராவுக்குப் பின்னால் நிற்கும் என்னைப் பார்த்து அப்பத்தா சொல்லிக்கொண்டிருக்க, அதன் மேல் யாரோ மூன்றாம் மனிதரின் குரல் ஒலிப்பது எனக்குப் பொய்யாகப்பட்டது.

தன்னிலையில் சொல்லும் ஆவணப்படம் என்றால் இயக்குநர் தன் கதையைச் சொல்லிக்கொள்வது என்றே பலரும் நினைக்கிறார்கள். எங்கே நின்று பார்க்கிறேன், எந்த உரிமையில் கேட்கிறேன் என்பதை மறைக்காமல் இருப்பதுதான் அதன் அடிப்படை என்று நான் நம்புகிறேன். இயக்குநர் லிண்ட்ஸி மெரிசன் 1996இல் எடுத்த ‘அவர் பர்மீஸ் டேஸ்’ (Our Burmese Days) ஆவணப்படத்தில், தன் பர்மியப் பின்னணியை இங்கிலாந்தில் மறைத்தே வாழ்ந்த தாயை மகளே பர்மாவுக்கு அழைத்து வருகிறார். வெளியாள் ஒருவர் கேட்டிருந்தால் அந்தத் தாயின் மறுப்புக்கு இத்தனை கனம் வந்திருக்காது. யாங்கோன் (ரங்கூன்) திரைப்படப் பள்ளியை 2005இல் தொடங்கியவரும் இவரே.

இரண்டாம் முறை எழுதியபோது வேறொரு தவறு செய்தேன். “நாம் எல்லாவற்றையும் இழந்தோம்” என்று தொடங்கினேன். கேட்க உருக்கமாகத்தான் இருந்தது. பிறகு அப்பத்தாவின் பேச்சை வரிவரியாகத் தாளில் எழுதியெடுத்தபோது, அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் அவர் ஒருமுறைகூட ‘நாம’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். “நாங்க கப்பலுக்குப் போகல”, “நாங்க நகைய வித்துத் தின்னோம்” என்றுதான் சொல்கிறார். அந்த ‘நாங்க’வில் நான் இல்லை, அப்போது என் அப்பாவே கைக்குழந்தை. பட்டவர்கள் பட்டதில் நான் பங்கு கேட்டிருக்கிறேன் என்பதை என் அப்பத்தாவின் இலக்கணம் எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஆங்கிலத் துணைவசனத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அவர் எடுத்துக் காட்டிய நூறு கியாட் நோட்டு நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பில் பழந்துணி போல நைந்திருந்தது. அதை ஏன் அப்போதே மாற்றவில்லை என்று கேட்டேன். வழக்கமாக என் கேள்விகளை வெட்டிவிடுவேன். இந்தக் கேள்வியை, என் குரல் கொஞ்சம் தடுமாறுவதோடு, அப்படியே விட்டிருக்கிறேன். அப்பத்தா கட்டைவிரலால் அந்த மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு, “அதை அணைச்சுட்டு வாய்யா, சொல்றேன்” என்றார். அணைத்தேன்.

மூன்றாவது வடிவத்தில் அந்த இடம் வந்ததும் திரை இருண்டுவிடும். என் குரல், எங்கள் வீட்டுப் பேச்சிலேயே, இவ்வளவுதான் சொல்லும்: “அப்பத்தா அணைக்கச் சொன்னாங்க. அணைச்சேன். அவங்க ஏன் கப்பலேறலன்னு எனக்குத் தெரியும்.” அதன்பின் பத்து நொடிகளுக்கு, முன்பே தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்த கூடத்தின் ஓசை மட்டும்: மின்விசிறியும், வாசலில் மொஹிங்கா என்னும் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவரின் குரலும்.