என் ஏக்கம் ஹரோவுக்கு

நமது பழைய மாணவியர் சங்க மலரில் எழுதுகிறவர்கள் வழக்கமாக நாம் படித்த யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியை நினைத்துத்தான் எழுதுவார்கள். எனக்கும் அந்த நினைவுகள் உண்டு. விடுதியில் சேர்ந்த முதல் தவணை முழுவதும் அம்மாவை நினைத்து அழுதவள் நான். மாலைப் படிப்பு வேளையில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று பக்கத்துக் கட்டில் தோழி சொல்லித் தந்தாள். ஆனால் இன்று நியூ ஜேர்சியில் இருந்துகொண்டு நான் எழுத நினைப்பது வேறோர் ஊரை. லண்டனை. சரியாகச் சொன்னால் ஹரோவையும் கென்டனையும்.

1986இல் லண்டனுக்குப் போனேன். வைத்தியசாலை ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். கலியாணம், இரண்டு பிள்ளைகள், பிரித்தானியக் குடியுரிமை, அம்மாவின் கடைசிக் காலம் எல்லாம் அங்கேதான். 2004இல் கணவரின் வேலை காரணமாக அமெரிக்கா வந்தோம். இங்கே சந்திக்கும் தமிழர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். யாழ்ப்பாணம் என்றால் முகம் மலரும். லண்டன் என்று தொடர்ந்தால், "ஓ, லண்டன் வழியா வந்தீங்களா?" என்பார்கள். அது நான் வழியில் நின்ற இடமல்ல. என் இளமை போனது அங்கே. பேச்சுக்கும் பழக்கத்துக்கும் பாதி உருவம் தந்த ஊர் அது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இங்கிலாந்தை நினைத்து ஏங்கலாம் என்பதை நம்மவர்களே ஏற்றுக்கொள்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏக்கம் பெரிய விடயங்களில் வருவதில்லை. தேத்தண்ணியில் வருகிறது. இங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், அங்கே 230. லண்டனில் மூன்று கிலோவாட் கேத்தில் கொதித்துவிடும் நேரத்தில் இங்கே பாதிச் சூடுதான் ஏறும். பல வீடுகளில் கேத்திலே கிடையாது. சரி, அது பழகிவிட்டது. பழகாதது வேறு. லண்டனில் வேலைத்தலத்தில் ஒருவர் தேத்தண்ணி போட எழும்பினால் தனக்கு மட்டும் போடமாட்டார். யாருக்கு எத்தனை கரண்டி சீனி, யாருக்குப் பால் கூட என்று எல்லாருக்கும் எல்லாருடையதும் தெரியும். வந்த புதிதில், ஆங்கிலம் சரியாகப் பேச வராத காலத்தில், என்னைக் கூட்டத்தில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டது அந்தக் கோப்பைதான். இங்கே ஆளுக்கொரு பெரிய கடதாசிக் கோப்பையைக் காரில் இருந்தே கொண்டு வருகிறார்கள். அன்பானவர்கள், உதவி என்றால் ஓடி வருவார்கள். ஆனாலும் எனக்கு எத்தனை கரண்டி என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.

நடக்கவும் வழியில்லை. நாங்கள் இருக்கும் பகுதியில் கடைக்குப் போகும் பெருந்தெருவில் நடைபாதையே இல்லை. 183 பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து கென்டனையும் கிங்ஸ்பரியையும் பார்த்துக்கொண்டு போவதும், ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதும் அடிக்கடி நினைவுக்கு வரும்.

நியூ ஜேர்சியிலேயே கார்னி என்று ஓர் ஊர் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியைச் சேர்ந்த கிளார்க் நூல் நிறுவனம் அந்தப் பகுதியில் ஆலை போட, அங்கிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். மீனும் சிப்ஸும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் பையும் (pie) விற்கும் கடைகள் அங்கே நிலைத்தது அப்படித்தான். முதல்முறை போனபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான ஸ்கொட்லாந்து அம்மா என் பேச்சைக் கேட்டுத் திரும்பி, "லண்டனில் எந்தப் பக்கம், பிள்ளை?" என்று கேட்டார். அமெரிக்காவில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஹரோ என்றேன். அவருடைய தங்கை வெம்பிளியில் இருந்தாவாம். வினிகர் ஊறிய சிப்ஸ் ஆறும்வரை பேசிக்கொண்டு நின்றோம்.

மற்றது, வைத்தியம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மகன் பள்ளிக்கூடத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டான். கட்டுப் போட்டு அனுப்பினார்கள், நல்ல கவனிப்பு. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கடிதங்கள். அம்புலன்சுக்கு ஒன்று, வைத்தியசாலைக்கு ஒன்று, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொன்ன வைத்தியருக்கு ஒன்று, மயக்க மருந்து கொடுத்தவருக்கு வேறொன்று. காப்புறுதி இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் முதலில் ஒரு பெரிய தொகையை நாங்களே கட்டித் தீர்த்த பிறகுதான் அவர்கள் கொடுக்கத் தொடங்குவார்கள். அந்தக் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நான் நினைத்தது அம்மாவை. சீனி வியாதியால் அம்மாவின் காலில் ஆறாத புண் இருந்தது. கென்டன் வீட்டுக்குத் தாதி தேடி வந்து கட்டு மாற்றிப் போவார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, தாதிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் சிரித்தே காரியத்தை முடிப்பார்கள். ஒரு நாளும் ஒரு பில் வந்ததில்லை. 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவையில் காத்திருப்பு உண்டு, குறைகள் உண்டு. உள்ளே வேலை செய்த எனக்கு அவை தெரியாததல்ல. ஆனாலும் நோயாளி வாசலில் வந்து நின்றால் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்காத ஒரு நாட்டில் வாழ்ந்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் இங்கே வேலை நாள். லண்டனில் அது விடுமுறை. அன்றைக்குத்தான் ஹரோவில் அக்கா வீட்டில் எல்லாரும் கூடுவார்கள், நம் கல்லூரித் தோழியர் உட்பட. நான் வேலைக்கு இறங்கும்போது அங்கே மத்தியானச் சாப்பாடு. இடையில் ஐந்து மணித்தியாலம். மார்ச்சில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன் நகர்த்துவதை அமெரிக்கா பிரித்தானியாவுக்கு முந்திச் செய்துவிடுவதால் இரண்டு மூன்று கிழமைக்கு மட்டும் அது நான்காகக் குறையும். அந்த நாட்களில் அக்காவோடு ஒரு மணித்தியாலம் கூடக் கதைக்கலாம்.

உடுவிலில் எலைசா அக்னியூ அம்மையாரைப் பற்றி நமக்குச் சொல்லித் தந்தது நினைவிருக்கும். 1840இல் நியூயோர்க்கிலிருந்து மிஷனரி ஆசிரியையாக வந்தவர். சுமார் நாற்பது வருடம் நம் கல்லூரியில் கற்பித்து, 1883இல் மானிப்பாயில் காலமாகும்வரை ஒருமுறைகூடத் தன் நாட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய சேவையைப் படித்தோம். அவருக்கு ஊர் நினைவு வந்திருக்குமா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அவர் பிறந்த ஊரிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் இருக்கும்போது அதைத்தான் நினைக்கிறேன். கடிதம் போய்ச்சேர மாதங்கள் ஆன காலம் அது.

பதினைந்து வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் பிரித்தானியத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை போய்விடும் என்பது முந்திய சட்டம். 2019இல் என் உரிமையும் அப்படிப் போனது. யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் மனதை வருத்தியது. 2024 ஜனவரி 16 முதல் அந்த எல்லை எடுபட்டது. உடனே ஹரோவில் கடைசியாக இருந்த முகவரியில் பதிந்தேன். அந்த வருடப் பொதுத் தேர்தலோ ஜூலை 4ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தில்! தபால் வாக்குச்சீட்டு நேரத்துக்குப் போய்ச்சேருமோ என்ற பயத்தில், எனக்குப் பதிலாக அக்காவை வாக்களிக்க நியமித்தேன். அக்கா, லண்டனில் முதியவர்களுக்குக் கொடுக்கும் இலவசப் பயண அட்டையான தன் ஃப்ரீடம் பாஸை அடையாளத்துக்குக் காட்டி இரண்டு வாக்கும் போட்டுவிட்டு அழைத்தா. "போட்டாச்சு, நீ சொன்ன ஆளுக்குத்தான்" என்றா. லண்டனில் இரவு பத்து மணிக்கு வாக்களிப்பு முடிந்தபோது இங்கே மாலை ஐந்து. அயலவர்கள் முற்றத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருக்க, நானும் மகளும் பிபிசியின் முன்னால் விடியும்வரை இருந்தோம்.

தோழியரே, நம்மில் லண்டனில் இருந்து கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனவர்கள் நிறையப் பேர். பிரித்தானியக் குடியுரிமை இருந்தால் உங்களுக்கும் இந்த வாக்கு உண்டு. கடைசியாக இருந்த முகவரியைத் தேடி எடுத்துப் பதியுங்கள். பதிவு மூன்று வருடம்வரை செல்லும், பிறகு புதுப்பிக்கவேண்டும். படிவத்தில் சந்தேகம் இருந்தால் சங்கத்தின் மூலம் என்னைக் கேளுங்கள், சேர்ந்திருந்து நிரப்புவோம்.