போட்டதைத் திரும்ப வாங்கப் போறேன்

வர்ற மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமை காரைக்குடி போறோம். பிள்ளையார்பட்டிக்கு இல்ல, சாப்பிடவும் இல்ல (சாப்பிடுவோம், அது வேற கணக்கு), முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் வாங்க. அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "நாம எடைக்குப் போட்டதை நீ காசு குடுத்து வாங்கிட்டு வரப் போறியாடி"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல எங்கிட்ட. நான் ரெண்டாவது படிக்கிறப்ப எங்க அப்பத்தா வீட்ல இருந்த உருளி, அண்டா, குடம் எல்லாத்தையும் வாசல்ல வந்தவன்கிட்ட போட்டுட்டு பளபளன்னு எவர்சில்வர் வாங்கி அடுக்குனாங்க, தெருவே அப்ப அதைத்தான் செஞ்சுச்சு, புளி போட்டுத் தேய்க்கிற வேலை மிச்சம்னு அம்மாவுக்கும் சந்தோஷந்தான்.

போன தடவை பிளான் எதுவும் பண்ணாம போய் ஒரு தேக்கு ஊஞ்சப் பலகை வாங்கினேன். ஆறடி. அபார்ட்மென்ட் லிஃப்ட்ல நுழையல, நாலு மாடியும் என் வீட்டுக்காரரும் வாட்ச்மேன் அண்ணனும் தூக்கிட்டு ஏறி வந்தாங்க, வந்தப்புறம்தான் மேல பாத்தோம், சீலிங்ல கொக்கியே கிடையாது. இப்ப அது கட்டிலுக்கு அடியில தூங்குது. அதனால இந்த தடவை கிச்சன் ஷெல்ஃபோட நீளம் அகலம் எல்லாம் அளந்து போன்ல வெச்சாச்சு, டேப் பையில இருக்கு, ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்தையும் எடுத்து வெச்சாச்சு. பித்தளையில காந்தம் ஒட்டாது, ஒட்டுச்சுன்னா இரும்புக்கு மேல முலாம், பேசாம அடுத்த கடைக்குப் போயிடலாம்.

வெண்கலத்தைச் சுண்டிப் பாக்கணும், கணீர்னு இழுத்துக்கிட்டே போகும் சத்தம், விரிசல் இருந்தா டொக்குன்னு நின்னுரும். அப்புறம் ஒரு சொம்பு தண்ணி கேட்டு ஊத்தி அடியைப் பாக்கணும், பத்த வெச்ச தழும்பு இருந்தா அங்கதான் ஒழுகும். கடைக்காரர் மூஞ்சி கொஞ்சம் மாறும், பரவால்ல. சமைக்கிறதுக்குப் பித்தளை வாங்குறவங்க ஈயம் பூசுற செலவையும் சேத்துக்கணும், பூசாத பித்தளையில புளி வெச்சா களிம்பு இறங்கும்.

அங்க நான் அதிகம் மயங்குறது மங்குச் சாமான் பக்கம்தான். எனாமல் கேரியர், தூக்கு, தட்டு, கவுத்துப் பாத்தா ஸ்வீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியான்னு இருக்கும். அந்த நாடே இப்ப இல்ல, தூக்குச் சட்டி இருக்கு. பர்மாவுலயும் மலேயாவுலயும் வட்டித்தொழில் பண்ணின செட்டிநாட்டு நகரத்தார் கப்பல்ல கொண்டு வந்து குவிச்சது, பொண்ணு கல்யாணத்துக்கு இதையெல்லாம் பரப்பி வெச்சுக் காட்டுவாங்க. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததோட அந்தத் தொழில் படுத்துச்சு, வீடு மட்டும் ஊர் ஊரா நின்னுச்சு. ஒரே வீட்டுக்கு இப்ப முப்பது பங்காளி, ஆளுக்கொரு நாட்டுல, ஓடு மாத்தக் காசு யார் போடுறதுன்னு பேச்சு முடியறதுக்குள்ள கூரை இறங்கிடும், அப்புறம் தூண் தனியா கதவு தனியா இந்தத் தெருவுக்கு வரும். நிலைக்கதவு சாத்தி வெச்சிருக்கிற கடையில மட்டும் நான் ரொம்ப நேரம் நிக்க மாட்டேன். கரண்டி வாங்குறப்ப வராத சங்கடம் கதவைப் பாத்தா வருது, ஏன்னு தெரியல.

ரவிவர்மா படம் வேணும்னு ஃபிரண்ட் ஒருத்தி சொல்லியிருக்கா. 1894ல பம்பாய்ல அவர் அச்சுக்கூடம் ஆரம்பிச்சு அடிச்ச படங்க நிஜமாவே இந்த வீடுகள்ல நிறைய மாட்டியிருந்தாங்க, ஆனா பழைய ஃபிரேம்குள்ள புது பிரிண்டைச் சொருகி விக்கிறதும் நடக்குது. லென்ஸ் வெச்சுப் பாத்தா புதுசுல புள்ளியெல்லாம் கோலம் போட்ட மாதிரி ஒழுங்கா இருக்கும், பழசுல கன்னாபின்னான்னு இருக்கும். லண்டன்ல இருக்கிற நாத்தனார் ஒரு பழைய ஐம்பொன் அம்மன் கேட்டாங்க, அதுக்கு மட்டும் முடியவே முடியாதுன்னுட்டேன். நூறு வருஷம் தாண்டுன சிலையை நாட்டை விட்டுக் கொண்டுபோறது 1972 சட்டப்படி குத்தம், அதோட எந்தக் கோயில்ல இருந்து வந்ததோ யாருக்குத் தெரியும்.

பல்லவன் ரயில்ல டிக்கெட் போட்டாச்சு, வெள்ளி ராத்திரி இறங்கி சனி முழுக்கத் தெருவு, ஞாயிறு விடியக்காலை அதே பல்லவன்ல ரிட்டர்ன். பழைய பெட்ஷீட் ரெண்டு, சணல், கொக்கித் தராசு ஒண்ணு, ஏன்னா பித்தளை பாதிக்கு மேல கிலோ கணக்குலதான் பேசுவாங்க. சில்லறையா கேஷ். முதல் ரவுண்டுல எதையும் வாங்கக் கூடாது, விலை மட்டும் கேட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்து ரெண்டாவது ரவுண்டுலதான் பேச்சுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன், என் வீட்டுக்காரர்கிட்ட இல்ல, என்கிட்டயே. அவருக்கு ரூல் ஒண்ணுதான், முதுகுல பேக் மாட்டிட்டு உள்ள வரக் கூடாது. வெண்கலக் கடையில யானை புகுந்த கதையை நான் நேர்ல பாத்தவ.

லிஸ்ட்ல மூணே மூணு. சின்ன உருளி ஒண்ணு, நாலடுக்கு எனாமல் கேரியர் (மூடியோட), பல்லாங்குழி.

நேத்து ராத்திரி பத்து மணிக்கு மேல அம்மா போன். அந்த நேரத்துக்குக் கூப்பிட மாட்டாங்க, பதறிட்டேன். "ஒண்ணுமில்ல, குடம் எதையாவது பாத்தா கழுத்துகிட்ட பேரு வெட்டியிருக்கான்னு பாரு. ராசாத்தின்னு இருக்கணும், சீர்ல வந்த குடம், வெட்டினவன் 'சா'வுக்குக் கால் போடாம ராசத்தின்னு விட்டுட்டான்." இத்தனை வருஷமாச்சு, உருக்கியிருப்பாங்களேம்மான்னேன். "தெரியும், சும்மா பாரு"ன்னு வெச்சிட்டாங்க.

இப்ப லிஸ்ட்ல நாலு.