தொப்பிக்காக ஒரு கொலை

மார்ச் 3

ராத்திரி முழுக்க அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928ல் அவர் பதிவு செய்த ‘ஸ்டாக் ஓ லீ’. கிட்டார் என்னவோ தாலாட்டு மாதிரி ஓடுகிறது, பாட்டில் நடப்பது கொலை. பெண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், விட்டுவிடு என்று பில்லி கெஞ்சுகிறான். லீக்குத் தன் தொப்பி பறிபோனதுதான் பெரிசு. சுடுகிறான். கடைசியில் தூக்கு. இத்தனை கொடூரத்தையும் குரலே உயர்த்தாமல் பாடிவிட்டுப் போகிறார் மனுஷர்.

மார்ச் 4

தொப்பி நிஜம்! 1895 கிறிஸ்துமஸ் ராத்திரி, செயின்ட் லூயிஸ் நகரத்து மதுக்கடை ஒன்று. லீ ஷெல்டனும் பில்லி லயன்ஸும் ஒன்றாக உட்கார்ந்துதான் குடித்திருக்கிறார்கள். பேச்சு அரசியலுக்குத் திரும்பி வாய்த்தகராறு ஆகிவிட்டது. லயன்ஸ் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டார், கேட்டும் கொடுக்கவில்லை. ஷெல்டன் சுட்டார். அடிபட்டவர் கையிலிருந்த தொப்பியை வாங்கிக்கொண்டு சாவகாசமாக நடையைக் கட்டினார். பத்திரிகையில் வந்த செய்தியே இதுதான்.

தூக்கு மட்டும் இட்டுக்கட்டியது. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1897ல் தண்டனை, 1909ல் மன்னிப்பு, பிறகு வேறொரு வழக்கில் மறுபடி உள்ளே. 1912ல் காசநோய் வந்து சிறையிலேயே செத்தார். இருமிச் சாகிறவனை வைத்து யார் பாட்டுக் கட்டுவார்கள்? அதனால் ஹர்ட் பாட்டில் தலை நிமிர்ந்து தூக்குமேடையில் நிற்கிறான். வேறு சிலர் வாயில் இன்னும் ஒரு படி மேலே போய், நரகத்தில் சாத்தானையே மிரட்டி அவன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறான். அடிமைமுறை ஒழிந்து முப்பது வருஷம்தான் ஆகியிருந்த காலம். யாருக்கும் அடங்காத ஒரு கறுப்பினத்தான் பாட்டிலாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. சுடப்பட்டவனும் கறுப்பினத்தான்தான், அதைப் பாட்டுகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

மார்ச் 5

அதே ஸ்டாக் ஓ லீ பாட்டுக்கு லாய்டு பிரைஸ் பாடிய ராக் அண்ட் ரோல் வடிவம் 1959ல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. டிக் கிளார்க்கின் டிவி நிகழ்ச்சிக்குக் கொலை ஒத்துவராது என்று வரிகளை மாற்றி மறுபடி பாட வைத்தார்கள். அதில் ரெண்டு பேரும் சமாதானமாகிவிடுகிறார்கள். கேட்டேன். உப்புச்சப்பே இல்லை.

மார்ச் 9

‘டாம் டூலி’ என்ற இன்னொரு கொலைப் பாட்டு. பாடியது கிங்ஸ்டன் ட்ரையோ என்ற குழு, 1958. வட கரோலினாவில் 1866ல் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் கொல்லப்பட்டாள். அதற்காக 1868ல் டாம் டூலாவைத் தூக்கிலிட்டார்கள்; பாட்டில் வரும் டூலி இவர்தான். பாட்டில் கிரேசன் என்று ஒரு பெயர் வரும். ட்ரையோ முன்னுரையில் சொல்வதைக் கேட்டால் அவர் ஏதோ காதல் போட்டிக்காரர் போலத் தோன்றும். உண்மையில் அவர் டென்னஸியில் டூலாவைக் கொஞ்ச நாள் வேலைக்கு வைத்திருந்து, பின்பு பிடித்துக்கொடுக்க உதவிய நிலக்காரர். அவர் ஏன் பாட்டில் வருகிறார் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பாட்டு ஊரைத் தாண்டியதும் காரணம் உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. முக்கோணக் காதல் அந்த ஓட்டையை அடைக்க வந்த சரக்கு. 1929ல் இதை முதலில் இசைத்தட்டில் பாடியவர்களில் ஒருவர் அந்தக் கிரேசனின் உறவுக்காரர் என்பது கூடுதல் சுவாரசியம்.

மார்ச் 14

ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாடகர் ராபர்ட் ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று கிட்டார் கற்றார் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1936ல் அவர் பதிவு செய்த ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டை வரி வரியாகப் பார்த்தேன். சாத்தான் மருந்துக்கும் இல்லை. மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார். போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தப் பார்க்கிறார், யாரும் ஏற்றிக்கொள்வதில்லை. பொழுது சாய்கிறது. அன்றைய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருட்டிய பிறகு தனியாக வெளியே மாட்டிக்கொண்ட கறுப்பினத்தவருக்குச் சாத்தான் வந்துதான் பயம் காட்ட வேண்டும் என்பதில்லை.

டாமி ஜான்சன் என்ற இன்னொரு ப்ளூஸ் பாடகர் இதே நாற்சந்திக் கதையைத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாக அவருடைய சகோதரர் லெடெல் சொல்லியிருக்கிறார். டாமி 1956 வரை உயிரோடு இருந்தார். ராபர்ட்டோ 1938ல், 27 வயதில் போய்ச் சேர்ந்தார். கதை இவரிடம் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமில்லை. டாமியின் 1928 பதிவுகளை இன்னும் கேட்கவில்லை; அடுத்து அதுதான்.