பட்டனைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாள்

தங்கைக்கு வலிப்பு வர ஆரம்பித்தது பதினொன்றாம் வகுப்பில். இரண்டு மாத்திரைகள் முழு அளவில் கொடுத்தும் மாதம் மூன்று நான்கு முறை வந்தது. ஆபரேஷன் செய்ய முடியுமா என்று பார்க்க வீடியோ இஇஜி எடுக்கச் சொன்னார்கள்; மூளையின் மின் அலைகளையும் ஆளையும் சேர்த்து நாள் கணக்கில் பதிவு செய்வது. துணைக்கு நான் போனேன்.

தலையை அளந்து புள்ளி வைத்து, இருபதுக்கும் மேற்பட்ட ஒயர்களைப் பசை போட்டு ஒட்டினார்கள். மறுநாள் மாத்திரையைக் குறைத்தார்கள். இத்தனை வருஷம் ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்ததை, வலிப்பு வரட்டும் என்றே குறைப்பது வயிற்றைக் கலக்கியது. வலிப்பு வந்தால் நான் பட்டனை அழுத்த வேண்டும். போர்வையை விலக்கிக் கை கால் கேமராவுக்குத் தெரியச் செய்ய வேண்டும். பெயர் கேட்டு, ஒரு சொல்லைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலை, "அக்கா, வயித்துல இருந்து ஏறுது" என்றாள். அப்புறம் பார்வை நிலைகுத்திவிட்டது. வாய் சப்புக்கொட்டியது. வலது கை போர்வை நுனியைப் பிசைந்துகொண்டே இருந்தது. இடது கை முறுக்கி விறைத்தது. "ஊஞ்சல்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்றேன். என்னையே பார்த்தாள், பதில் இல்லை. ஒன்றரை நிமிடம்.

மதியம் டாக்டர் பதிவைக் காட்டினார். வலது காதுக்கு மேல்பக்கத்துக் கோடுகளில் நொடிக்கு ஆறு ஏழு அலைகள் வரிசையாக ஓடின. வலிப்பு அந்த ஓரத்தில்தான் என்றால் நினைவு மொத்தமாக ஏன் தப்புகிறது என்று கேட்டேன். பல வருஷமாக என்னை அரித்த கேள்வி அது. அவர் நெற்றிப் பக்கத்துக் கோடுகளைக் காட்டினார். அங்கே வலிப்பு அலை இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் வருவது போன்ற அகலமான, மெதுவான அலைகள். மூளையின் மேற்பரப்பான கார்டெக்ஸை விழிப்பாக வைத்திருப்பவை உள்ளே ஆழத்தில் இருக்கும் தாலமஸும் மூளைத்தண்டும். காதுக்கு உள்பக்கம் ஞாபகத்தைப் பதிய வைக்கும் பகுதியான ஹிப்போகேம்பஸில் கிளம்பும் வலிப்பு அவற்றின் வேலையைக் கெடுக்கும்போது, வலிப்பு எட்டாத கார்டெக்ஸும் மந்தமாகிவிடுகிறது என்று கருதுகிறார்களாம். இடது கை முறுக்கியதற்கும் வலப்பக்கத்து ஆழப்பகுதி ஒன்று, பேசல் கேங்லியா, இழுபடுவதே காரணம் என்றார்.

பக்கத்து அறைக் குழந்தைக்கு வேறு வகை. அதில் தாலமஸும் கார்டெக்ஸும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, நொடிக்கு மூன்று முறை என்ற தாளத்தில் சிக்கிக்கொள்கின்றனவாம்.

வலிப்பு நேரத்தில் அவள் பெயரைக் கத்திக் கூப்பிட்டு, பதில் வராதபோது கோபப்பட்டிருக்கிறேன். அதை நினைத்து அன்று அழுதேன். உறவினர்கள் சாவியைக் கையில் திணிக்க வந்தால் இப்போது தடுக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிதான்.

எம்ஆர்ஐயிலும் வலது ஹிப்போகேம்பஸ் சுருங்கித் தெரிந்தது. இரண்டும் ஒத்துப்போவது நல்ல சகுனம் என்றார் டாக்டர். ஆபரேஷன் ஒத்துவராவிட்டால் தாலமஸின் முன்பகுதியில் மின்முனை வைக்கும் சிகிச்சை உண்டு; அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அது பெரும்பாலும் வலிப்பைக் குறைக்கும், முழுதாக நிறுத்துவது அபூர்வம்.

ஒயரைக் கழற்றிய அன்று முடியில் ஒட்டிய பசை போக மூன்று முறை அலசினேன். "என்ன சொல் சொன்னே?" என்றாள். "ஊஞ்சல்" என்றேன். முதல் முறை கேட்பது போலத் தலையாட்டினாள். அடுத்த மாதம் ஞாபகசக்திப் பரிசோதனை.