தலைக்கு எவ்வளவு?

"தலைக்கு எவ்வளவுன்னு கணக்குச் சொல்றீங்க சார். சதுர கிலோமீட்டருக்கு எவ்வளவுன்னு போட்டுக் காட்டுங்களேன்." சாலை நிதியை ஒன்றியங்களுக்குப் பிரித்த எங்கள் கூட்டத்தில் மலை ஒன்றியத்தின் சேர்மன் அம்மா கேட்டது அவ்வளவுதான். எங்கள் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் அடங்கவில்லை.

தொகைகளை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். சாலைப் பணிக்கு 10 கோடி. சமவெளி ஒன்றியத்தில் 1,20,000 பேர், 150 சதுர கிலோமீட்டர். மலை ஒன்றியத்தில் 30,000 பேர், 450 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையை மட்டும் வைத்தால் 8 கோடியும் 2 கோடியும். பரப்பை மட்டும் வைத்தால் இரண்டரையும் ஏழரையும். உள்ளாட்சி மானியத்துக்கு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரை இல்லாத இடத்தில், 15-வது நிதிக்குழு (மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழு) நூற்றுக்கு மக்கள்தொகைக்கு 90, பரப்புக்கு 10 என்று எடை வைத்தது. கைக்கெட்டிய அந்த விகிதத்தையே எடுத்துக்கொண்டோம். சமவெளிக்கு 7.45 கோடி, மலைக்கு 2.55 கோடி.

தலைக்கு வகுத்தால் சமவெளிக்கு 621 ரூபாய், மலைக்கு 850. "உங்களுக்குத்தானம்மா கூடுதல்" என்று சொன்னது இதை வைத்துத்தான். அவர் கேட்டபடி வகுத்தால், சமவெளிக்குச் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4.97 லட்சம், மலைக்கு 57,000 கூட இல்லை.

70:30 என்று மாற்றியிருந்தால் மலைக்கு 3.65 கோடி போயிருக்கும். மாற்றாததற்குக் காரணம் உண்டு. அளவுகோல், எடை, கையெழுத்து, அதற்குப் பிறகே எண்கள்: வரிசை இதுதான். தொகை திரையில் தெரிந்த பிறகு எடையைத் தொட்டால், சத்தமாகப் பேசுகிறவருக்கு ஏற்றபடி சூத்திரம் வளையும். இதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் எடையை முதலில் எழுதியவர்கள் யாரும் மலையேறிப் பார்த்தவர்கள் இல்லை. ஜல்லி லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து சின்ன வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். தடுப்புச் சுவர், சிறுபாலம் எல்லாம் தனிச் செலவு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்திலேயே சமவெளிக் குடியிருப்புக்கு 500 பேர் வேண்டும், மலை மாநிலங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர் போதும் என்று வைத்தார்கள். அது எங்களுக்குத் தெரியாததல்ல.

சாலையின் நீளத்தையே அளவுகோலாக வைக்கலாமே என்றால், பதிவேட்டில் ஏறிய சாலைக்குத்தான் நீளம் உண்டு. ஏற்கெனவே போட்டவர்களுக்கே மறுபடியும் போகும். இல்லாத சாலையை அளவுகோலாக்கினால், இருந்ததை ஒழுங்காகப் பராமரித்தவர்களுக்குக் குறையும்.

டெல்லியில் நாம் அழுகிற அழுகையும் இதுதான். மாநிலங்களுக்கு வரியைப் பிரிக்க அதே நிதிக்குழு வைத்த எடையில் மக்கள்தொகைக்கு 15, பரப்புக்கு 15, காடுகளுக்கு 10, வருமான இடைவெளிக்கு, அதாவது பணக்கார மாநிலங்களை விட ஒரு மாநிலத்தின் தலா வருமானம் எவ்வளவு குறைவு என்பதற்கு, 45. (அந்த இடைவெளியும் மக்கள்தொகையால் பெருக்கித்தான் வருகிறது.) மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று தமிழ்நாடு கேட்டது, மக்கள்தொகைச் செயல்பாட்டுக்கென்று 12.5 கிடைத்தது. அங்கே தலையை எண்ணாதீர்கள் என்கிற நாம், இங்கே 90 பங்கு தலையைத்தான் எண்ணினோம்.

இத்தனைக்கும் அந்த 2.55 கோடியும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. மலை ஒன்றியத்துக்கு நிரந்தரப் பொறியாளர் இல்லை, மதிப்பீடு தாமதம், முதல் டெண்டருக்கு ஒருவரும் வரவில்லை. சமவெளியில் மதிப்பீடுகள் அடுக்கித் தயாராக இருந்தன. மார்ச் 31-க்குள் செலவாகாவிட்டால், பணம் செலவானது என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க முடியாது, அடுத்த தவணையும் வராது. பிப்ரவரியில் மலையின் மீதித் தொகை கீழே சமவெளிக்கு இறங்கியது. விதிமீறல் எதுவும் இல்லை. கோப்பில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைய கூட்டக் குறிப்பில் அந்த அம்மாவின் கேள்வி இல்லை. "விவாதத்திற்குப் பின் ஏகமனதாக ஏற்கப்பட்டது" என்றுதான் இருக்கிறது.